எங்கே இறங்குவது?

கோடை விடுமுறைக்குக் காரில் ஏற்காடு கிளம்புகிறீர்களா? பேஷ்! புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம் எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். நடுவில் எங்கே இறங்குவது என்பதை மட்டும் அவரிடம் விடாதீர்கள்!

சென்னையிலிருந்து சேலம் சுமார் 340 கிலோமீட்டர். உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று வழியில் ஊர்களுக்குக் குறைவில்லை. குழந்தைகள் பசியில் அழத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இலை போடுமுன் ஓட்டலின் கழிப்பிடத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அது சுத்தமாயிருந்தால் சமையலறையும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

உண்மையான சோதனை சேலத்தில்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியை நெருங்கியதும் சேர்வராயன் மலை எதிரே வந்து நிற்கும். "இன்னும் ஒரு மணி நேரம்தானே, மேலே போய்ப் படுத்துக்கொள்ளலாமே!" என்பார். சம்மதிக்காதீர்கள். இருட்டில், களைத்த கண்களோடு, 20 கொண்டை ஊசி வளைவுகளா? இரவு சேலத்திலேயே தங்குங்கள்.

காலையில் இரண்டு இட்லி போதும். வயிறு முட்டப் பூரி தின்ற என் சின்னவள், ஆறாவது வளைவில் என் புதுப் புடவையைப் பாழாக்கிவிட்டாள்! கையில் செல்போனும் வேண்டாம். குனிந்து பார்க்கப் பார்க்கத்தான் தலை சுற்றும். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்புகையில், அடிவாரத்திலுள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் இறங்குங்கள். குழந்தைகள் மான் பார்க்கட்டும். சூடேறிய பிரேக்கும் சற்று ஆறட்டும்.