டாட்டிங் பின்னல்

டாட்டிங் என்பது நூலில் முடிச்சுகளை வரிசையாக இட்டு, கைக்குட்டை, தலையணை உறை போன்றவற்றின் ஓரத்துக்கு லேஸ் பின்னும் கைவேலை ஆகும். இதன் கருவி உள்ளங்கையில் அடங்கும் ஷட்டில். கொங்கு நாட்டுத் தறிகளில் ஓடும் நாடாவின் சிறு வடிவம் எனலாம். 19ஆம் நூற்றாண்டில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்பித்த லேஸ் வேறு வகை. அதற்குத் திண்டும் பல நூற்கட்டைகளும் வேண்டும்.

ஷட்டில் நூலை இடக்கை விரல்களைச் சுற்றி வளையமாக்கி, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிக்க வேண்டும். ஷட்டிலை வளைய நூலுக்கு அடியில் செலுத்தி மேலாகத் திருப்பினால் அரை முடிச்சு. மேலாகச் செலுத்தி அடியில் திருப்பினால் மறு அரை. இரண்டும் சேர்ந்ததே இரட்டை முடிச்சு.

பழகுபவர்கள் தவறுவது இதற்குள்ளேதான். ஒவ்வோர் அரை முடிச்சிலும் இடக்கை விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாக இழுக்க வேண்டும். அப்போது சுருக்கு இடம் மாறி, வளைய நூல் ஷட்டில் நூலைச் சுற்றிக்கொள்ளும். மாறாவிட்டால் முடிச்சு நகராது, வளையம் மூடாது. அதை அங்கேயே அவிழ்த்துவிடுவது நல்லது. மூடி இறுகிய வளையத்தைப் பிரிப்பது ஊசியோடு போராடும் வேலை.

இரட்டை முடிச்சுகளுக்கு நடுவே சிறிது நூல் விட்டு நெருக்கினால் பிகாட் என்னும் காது எழும். 5-5-5-5 என 20 முடிச்சுகளும் மூன்று காதுகளும் கொண்ட வளையம் பழகுவதற்கு ஏற்றது. அடுத்த வளையத்தில் 5 முடிச்சுகள் இட்டதும், முந்தைய வளையத்தின் கடைசிக் காது வழியே வளைய நூலைக் குரோஷே ஊசியால் இழுத்து, அதற்குள் ஷட்டிலை நுழைத்து இணைக்க வேண்டும். இப்படி நீளும் வளைய வரிசையே எளிய லேஸ் கரை. முதலில் தடித்த பருத்தி நூலில் பழகினால் முடிச்சு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.