எந்தக் காட்டுக்கு எது ஈடு?

நகையை ஈடு வைத்துக் கடன் வாங்குகிறோம். விடுமுறை நாளில் வேலை பார்த்தவர் ஈடுசெய் விடுப்பு எடுக்கிறார். பணத்துக்குப் பணம், நாளுக்கு நாள் என்று கணக்குத் தீர்கிற இடங்களில் ‘ஈடு’ நியாயமான சொல். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்றும் அதே வாயால் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு எல்லை உண்டு என்பது நமக்குத் தெரியும். நமது வனச் சட்ட நடைமுறை மட்டும் அந்த எல்லையை மறந்துவிட்டது.

1980-ல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிமுறைகளின்படி, காட்டை வேறு பணிக்குக் கொடுத்தால் அதே பரப்பளவு வெளிநிலத்தில் மரம் வளர்க்க வேண்டும். சீரழிந்த காட்டில் நடுவதென்றால் இரு மடங்கு. கூடலூர் காடுகளைக் காக்க நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கில்தான், 2002-ல் இதற்கெனத் தனி நிதியம் அமைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016-ல் தனிச் சட்டமும் வந்தது. 2019-ல் மாநிலங்களுக்குப் போன தொகை மட்டும் 47,000 கோடி ரூபாய்க்கு மேல்.

கிரேட் நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் அமைக்க ஏறத்தாழ 130 சதுர கி.மீ. மழைக்காட்டைக் கொடுக்க, 2022 அக்டோபரில் முதற்கட்ட அனுமதி கிடைத்தது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஈடாக மரம் வளரப்போவது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மழை குறைந்த ஹரியானாவில், 261 சதுர கி.மீ. பரப்பில். தீவுகளில் ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் காடு என்பது அரசு சொன்ன காரணம்.

பரப்பளவுக் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் அந்தத் தீவின் கலத்தியா விரிகுடாவில் முட்டையிடும் ஏழுவரி ஆமைக்கும், கடற்கரையோரம் மண்ணைக் குவித்து முட்டை புதைக்கும் நிகோபார் மெகபோடு பறவைக்கும், அந்தக் காட்டையே வீடாகக் கொண்ட ஷோம்பென் மக்களுக்கும் ஹரியானாவின் ஆரவல்லி மலையடிவாரத்துக் கன்றுகளால் என்ன பயன்? இழந்தவர் ஒருவர், ஈடு பெறுபவர் வேறொருவர்.

காட்டைத் தொடாமல் திட்டத்தை நிறைவேற்ற முடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால், அதே நீர்ப்பிடிப்புப் பகுதியில் அந்த மண்ணுக்குரிய மரங்களை வளர்க்க வேண்டும். எத்தனை கன்று நட்டோம் என்பதை விட்டு, பத்து ஆண்டுகள் கழித்து எத்தனை பிழைத்தன என்று கணக்குக் காட்ட வேண்டும். தீவுக் காடு, சோலைக்காடு, அலையாத்திக்காடு போன்றவற்றுக்கு எந்த ஈடும் ஏற்கப்படாது என்று சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.