எந்தக் கொப்பி நல்ல கொப்பி?

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரி 14ஆம் திகதி திரைக்கு வந்தது. எட்டு நாள் கழித்து, 22ஆம் திகதி, இலங்கையில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. சென்னையில் வளரும் ஒரு சிறுமி தன்னைப் பெற்றவளைத் தேடி மாங்குளத்துக்கு வரும் கதை அது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் தெற்கே போகிற எல்லோரும் கடக்கிற அதே மாங்குளம். அதனால் இந்தப் படத்தை எங்கள் பக்கத்தில் நெஞ்சோடு வைத்திருப்பவர்கள் உண்டு. அது எங்களைச் சரியாகச் சொல்லவில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இரு பகுதியாரிலும் பெரும்பாலானவர்கள் அதைத் தியேட்டரில் பார்த்ததில்லை. வீசிடியில், ஒரே தட்டில் ஐந்து படம் அடித்த டிவிடியில், பென் டிரைவில், இப்போது கைத்தொலைபேசியில் என்று ஆளுக்கொரு கொப்பியில் பார்த்திருக்கிறார்கள். எந்தக் கொப்பியைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து, படத்தில் எவ்வளவு அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேர்ந்தது என்பதும் மாறியிருக்கும்.

விருப்பமான படத்துக்கு நல்ல கொப்பி தேடுகிறவர்கள் பொதுவாக அட்டையில் போட்டிருக்கும் பெரிய எழுத்தைத்தான் பார்க்கிறார்கள்: எச்டி, 1080, 4கே. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது எதிலிருந்து எடுக்கப்பட்டது?

படச்சுருளில் எடுத்த படம் வீட்டு ரீவிக்கு வருமுன் பல படி இறங்குகிறது. கமராவுக்குள் ஓடியது மூல நெகற்றிவ். அதிலிருந்து ஒரு பொசிற்றிவ், அதிலிருந்து இன்னொரு நெகற்றிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரின்ற். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் கொஞ்சம் கரையும். நிழலுக்குள் தெரிந்த முகம் கறுப்புக்குள் அமிழும். மூல நெகற்றிவிலிருந்து கவனமாக எடுத்த ஒரு சாதாரண டிவிடி, பல ஊர் ஓடிக் கீறல் விழுந்த பிரின்றிலிருந்து எடுத்த புளூ றேயை விட நல்ல படத்தைக் காட்டக்கூடும். தியேட்டருக்குள் ஒருவர் கமராவோடு இருந்து எடுத்த 'கமரா பிரின்ற்'றை எத்தனை கே ஆக்கினாலும் அது கமரா பிரின்ற்தான்.

மின்சாரம் இல்லாத காலத்தில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து மண்ணெண்ணெய் வாங்கி, விடிய விடிய மூன்று நான்கு படம் பார்த்த தலைமுறைக்கு இந்தப் படியிறக்கத்தை விளக்கத் தேவையில்லை. விஎச்எஸ் கசெற்றில் ஒரு வரியில் ஏறக்குறைய 240 புள்ளி அளவு நுணுக்கமே நிற்கும். அதைக் கொப்பி பண்ணி, அந்தக் கொப்பியைக் கொப்பி பண்ணி, மூன்றாம் நான்காம் கைக்கு வந்த கசெற்றில் சிவப்புச் சேலையின் நிறம் சேலைக்கு வெளியே வழியும். அப்படிப் பார்த்தும் அழுதோம், சிரித்தோம். அந்த அனுபவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒளிப்பதிவாளர் என்ன செய்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாமலே போனது.

பிறகு வீசிடி வந்தது. ஒரு சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளி. ஒரு செக்கனுக்குப் படத்துக்கென 11.5 இலட்சம் பிற். ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டில் வரும். டிவிடியில் 720க்கு 576 புள்ளி; தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று 4.7 ஜிபி முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 42 இலட்சம் பிற் கிடைக்கும். அதே தட்டில் ஐந்து படத்தைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் 8.4 இலட்சம்தான். அதாவது ஐந்து படம் அடித்த டிவிடி, செக்கனுக்குச் செக்கன், பழைய வீசிடியை விடக் குறைவான தகவலையே தருகிறது. அட்டையில் டிவிடி என்றிருப்பது தட்டின் பெயர் மட்டும். கோப்பாக வாங்குகிறவர்களும் இதே கணக்கைப் போடலாம்: கோப்பின் அளவைப் படத்தின் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஆனால் ஒரே முறையில் சுருக்கிய கோப்புகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். புதிய சுருக்க முறைகள் குறைந்த பிற்றில் கூடுதல் வேலை செய்யும்.

இந்தக் குறை எங்கே வெளிப்படும்? மழையில். டிஜிற்றல் சுருக்கம் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டுமே எழுத முயல்கிறது. அசையாத சுவருக்கு முன்னால் ஒருவர் பேசினால் எழுத அதிகமில்லை. மழையில் ஒவ்வொரு சட்டகமும் முழுதாக மாறுகிறது. பிற் போதாதபோது துளிகள் கரைந்து கட்டம் கட்டமாக உடையும். 'கன்னத்தில் முத்தமிட்டால்' மழையில்தான் முடிகிறது. தாயும் மகளும் சந்திக்கும் அந்தக் கடைசிக் காட்சியை எந்தக் கொப்பியிலும் முதலில் ஓட்டிப் பாருங்கள். அழுகிற முகத்தின் மேல் நீர் தனித்தனியாக ஓடுவது தெரிந்தால் அந்தக் கொப்பியை வைத்திருக்கலாம். உங்களுக்குப் பிடித்த படத்தில் மழை இல்லையென்றால் கடல் அலை, காற்றில் ஆடும் நெல்வயல், புகை, எதுவும் உதவும்.

அடுத்தது சட்டகம். இந்தப் படம் சினிமாஸ்கோப். அகலம் உயரத்தைப் போல் ஏறக்குறைய 2.35 மடங்கு. பழைய ரீவியின் அகலம் உயரத்தைப் போல் 1.33 மடங்கு. திரையை நிரப்புவதற்காகப் பக்கங்களை வெட்டினால் படத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். இருவர் இரு கரையில் நின்று பேசும் காட்சியில் ஒருவர் குரலாக மட்டும் மிஞ்சுவார். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் 'படம் குறையுது' என்று ரீவியில் சூம் அழுத்துகிறவர்கள் தயவுசெய்து கையை எடுங்கள். பட்டை இருக்கும்போதுதான் படம் முழுதாக இருக்கிறது.

பழைய படங்களில் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. 1964இல் வந்த பந்துலுவின் 'கர்ணன்' 2012 மார்ச்சில் டிஜிற்றலாகப் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதன் பின் பழைய படங்கள் வரிசையாக மெருகேறி வரத் தொடங்கின. 'சினிமாஸ்கோப்பில்' என்ற விளம்பரமும் கூடவே வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்திய தமிழ்ப் படம் எதையாவது முழு அகலத் திரையில் கண்டால், தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். சிவாஜியின் நடிப்பில் கைகளும் பேசும்; அந்தக் கைகளைக் காட்டாத கொப்பி எனக்கு வேண்டாம். இடமும் வலமும் கறுப்பு விட்டு நடுவில் சதுரமாய் நிற்கும் பழைய டிவிடி இந்த விடயத்தில் மேல்.

படம் முழுதாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி படத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தியப் படங்களின் தொடக்கத்தில் சில செக்கன்கள் தணிக்கைச் சான்றிதழ் தோன்றும். கதைக்காகக் காத்திருக்கிறவர்கள் அதைத் தள்ளிவிடுவார்கள். நிறுத்திப் படியுங்கள்: படச்சுருளில் வந்த படமென்றால் அதன் நீளம் மீற்றரில் இருக்கும். 35 மில்லிமீற்றர் சுருள் ஒரு நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீற்றர் ஓடும். சான்றிதழில் 4,000 மீற்றர் என்றிருந்தால் படம் 146 நிமிடம். உங்கள் கொப்பி 125 நிமிடத்தில் முடிந்தால் பாட்டுகளோ காட்சிகளோ போயிருக்கின்றன.

ஆனால் அதே படம் 140 நிமிடத்தில் முடிந்தால் அவசரப்பட்டுக் குற்றம் சொல்லக் கூடாது. சினிமா ஒரு செக்கனுக்கு 24 சட்டகம். இலங்கை, இந்தியா, பிரித்தானியா எல்லாம் பயன்படுத்திய பால் முறை ரீவிக்கு 25 சட்டகம் வேண்டும். சுலபமான வழியாகப் படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிட்டார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும். நேரம் அந்த அளவு குறையும். சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். வானொலியில் கேட்டுப் பழகிய பாட்டு டிவிடியில் ஏதோ போல் ஒலிக்கிறதே என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த என்ரிஎஸ்சி முறையில் இந்த வேகக் கூட்டல் இல்லை. சுருதி சரியாக இருக்கும், ஆனால் 576 வரிக்குப் பதில் 480 வரிதான், அசைவிலும் ஒரு சிறு தடக்கல் இருக்கும். புளூ றே 24 சட்டகத்தையே ஏற்றுக்கொள்வதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. பாட்டுக்காகவே ஒரு படத்தை வைத்திருப்பவர்களுக்குப் புளூ றேக்குச் செலவழிக்க இது ஒன்றே போதும்.

ஒலியைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை. 'கன்னத்தில் முத்தமிட்டால்' பெற்ற ஆறு தேசிய விருதுகளில் ஒன்று ஒலிப்பதிவுக்கு; அதை எச். சிறீதரும் லக்ஷ்மிநாராயணனும் பெற்றார்கள். ரகுமானின் இசைக்கும் வைரமுத்துவின் பாடலுக்கும் கிடைத்தவை வேறு. குண்டுச் சத்தத்துக்கும் அதன் பின் வரும் அமைதிக்கும் உள்ள தூரத்தை அளந்து செய்த ஒலிப்பதிவு அது. ஐந்து பட டிவிடியில் ஒலியையும் நெரித்துத்தான் வைத்திருப்பார்கள். ஐந்து ஸ்பீக்கர் வாங்க வசதியில்லாவிட்டாலும் ஒரு நல்ல ஹெட்போனும் நெரிக்காத ஒலியும் இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

புதுப்பித்த பதிப்புகளில் எது நல்லது என்று காட்ட, சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றையும் சொல்வேன். அவற்றின் நெகற்றிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றின் தீயில் கருகின. இத்தாலியின் பொலோனா நகரில் உள்ள தொழில்நுட்பர்கள் கருகிய சுருளை ஈரமூட்டி, கையால் பிரித்து, ஒட்டி, ஸ்கான் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் ஏறக்குறைய 40 சதவீதத்தை மூல நெகற்றிவிலிருந்தே மீட்டார்கள். மிச்சத்துக்கு வேறு நாடுகளில் இருந்த பிரதிகள் உதவின. 2015இல் கிரைற்றீரியன் நிறுவனம் அதைப் புளூ றேயாக வெளியிட்டபோது எது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொன்னது. எங்கள் நாட்டுப் படங்களில் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' 2013இல் புதுப்பித்து வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்' 2025இல் கான் விழாவில். இவ்வளவு உழைப்பில்லாமல் செய்த புதுப்பித்தலைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. படச்சுருளுக்கு இயல்பாக உள்ள மணித்துகளைத் துடைத்தெடுத்திருப்பார்கள். முகங்கள் மெழுகு பூசியது போல் வழுவழுக்கும், தலைமயிர் ஒரே கறுப்பாகும்.

இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு இந்தத் தெரிவே பெரும்பாலும் இல்லை. 1983 யூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது தமிழ், சிங்களம் என்ற பேதமில்லாமல் பல படங்களின் நெகற்றிவ்கள் எரிந்தன. அப்படிப்பட்ட படத்துக்கு யாரோ ஒருவர் ரீவியிலிருந்து பதிந்த கசெற் மட்டும் மிஞ்சியிருந்தால், அதுதான் சிறந்த பதிப்பு. போர்க்காலத்தில் வன்னிக்குள் எடுத்த முழுநீளப் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் நெகற்றிவே கிடையாது. அவை வீடியோக் கமராவில் எடுத்தவை, எடுத்த ரேப்பே மூலம். அவற்றை எச்டி என்று போடும்போது புள்ளியைப் பெருக்கியிருக்கிறார்களே தவிர, புதிதாக ஒன்றும் வரவில்லை. அசையும்போது உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால், ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாறி மாறிப் பதிந்த பழைய வீடியோவைப் பிழையாக மாற்றியிருக்கிறார்கள். பூஞ்சணம் பிடித்த மூல ரேப் யாரிடமாவது இருந்தால் அதைப் பிளேயருக்குள் போடாமல், தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்கிய பிறகு டிஜிற்றலாக்குங்கள். நல்ல தட்டையும் அப்படியே முழுப் பிரதியாக, மறுபடி சுருக்காமல், ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 2009 போரில் கையில் எடுத்ததைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவந்த ஊர் எங்களுடையது.

கிளிநொச்சியில் மூலத் தட்டு கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதுதான் வழி. மாமியிடம் 'புளூ றே இருந்தால் வாங்கி வாங்கோ' என்று மட்டும் சொல்லாமல், கடையில் நின்று பின் அட்டையைப் படமெடுத்து வற்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நேரம், அகல உயர விகிதம், ஒலி 5.1ஆ, உப தலைப்பு எந்த மொழியில், எல்லாம் அதிலேயே இருக்கும். வலயப் பூட்டையும் பாருங்கள்: டிவிடியில் இலங்கை 5ஆம் வலயம், கனடா 1, ஐரோப்பா 2. 0 அல்லது 'ஆல்' என்றிருந்தால் எங்கும் ஓடும். புளூ றேயில் நாங்கள் சி, வட அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. 4கே தட்டுகளுக்குப் பூட்டில்லை. பழைய தட்டு என்றால் கீழ்ப்பக்கத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்: வெள்ளியாகவோ இளம்பொன்னாகவோ இருந்தால் ஆலையில் அச்சானது, ஊதாவோ நீலமோ கலந்திருந்தால் யாரோ கணினியில் எழுதியது, எங்கள் வெயிலுக்கு அதன் சாயம் அதிக நாள் தாங்காது.