வளைந்த காலைத் தைலம் நிமிர்த்துமா?

"பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசாகுது டாக்டர். நடந்தா ரெண்டு முட்டியும் உரசுது. நல்ல தைலமா ஒண்ணு கொடுங்க, நீவிவிட்டா சரியாயிடும்னு பாட்டி சொல்றாங்க."

சித்த வைத்தியரிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. தைலம் கொடுப்பது என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த வயதில் வளைந்திருக்கும் எலும்பை எந்தத் தைலமும், எந்த நீவுதலும் நேராக்காது. தைலத்துக்கு வேறு வேலை உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

பாட்டி பொய் சொல்லவில்லை. குழந்தை பிறக்கும்போதே கால் வில் மாதிரி வளைந்துதான் இருக்கும். இரண்டு வயதுவாக்கில் நேராகும். மூன்று, நான்கு வயதில் நேர்மாறாக முட்டிகள் உள்பக்கம் வந்து தட்டும். ஏழெட்டு வயதுக்குள் அதுவும் குறைந்து பெரியவர்களின் கால் அமைப்பு வந்துவிடும். பாட்டி நீவிய காலும் நேரானது, நீவாத பக்கத்து வீட்டுக் காலும் நேரானது. பெருமை மட்டும் தைலத்துக்குப் போய்விட்டது! அதே கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கும் போட்டு இரண்டு வருடம் காத்திருந்தால்தான் நஷ்டம்.

ஏன் நஷ்டம்? முட்டிக்கு மேலும் கீழும் எலும்பு வளரும் குருத்துப் பகுதி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும், பையன்களுக்குச் சுமார் 16 வயதிலும் அது மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன்பு போனால் எலும்பு டாக்டருக்கு வேலை சுலபம். குருத்தின் ஒரு பக்கத்தில் 8 என்ற எண் வடிவில் ஒரு சின்ன பிளேட்டையும் இரண்டு ஸ்குருவையும் வைப்பார்கள். அந்தப் பக்கம் வளர்ச்சி தடைப்படும். மறுபக்கம் வளர வளரக் கால் தானே நேராகும். பிறகு பிளேட்டை எடுத்துவிடுவார்கள். குருத்து மூடிய பிறகு போனாலோ, எலும்பையே வெட்டி நேராக்கிப் பொருத்த வேண்டியிருக்கும். இரண்டும் ஆபரேஷன்தான் என்றாலும், பிள்ளை படும் பாட்டில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

உடனே பயந்துவிடாதீர்கள். வீட்டிலேயே அளந்து பாருங்கள். பிள்ளையைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, முட்டிகள் லேசாகத் தொடும்படி செய்யுங்கள். உள்கணுக்கால் எலும்புகளுக்கு நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். குண்டான பிள்ளைகளுக்குத் தொடைச் சதை இடிப்பதால் அளவு கூடத் தெரியும். அதையும் மனதில் வையுங்கள். தேதி போட்டுக் குறித்துவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளங்கள். எட்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலும், அளவு கூடிக்கொண்டே போனாலும், ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலும், வலித்தாலும், வயதுக்குத் தக்க உயரம் இல்லாவிட்டாலும் எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள். பத்து வயதுக்கு மேல் கால் வில்லாக வெளிப்பக்கம் வளைந்தால், அளவே பார்க்க வேண்டாம், காட்டிவிடுங்கள்.

அங்கே எக்ஸ்ரேயோடு கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். வெயிலே படாமல் ஸ்கூல், டியூஷன் என்று வளரும் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு மெத்தென்று ஆவதுண்டு. தண்ணீரும் ஒரு காரணம். ஃபுளோரைடு அதிகமுள்ள ஆந்திரக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு முட்டி தட்டும் நோய் இருப்பதை 1973-லேயே எழுதியிருக்கிறார்கள். நம்மூரில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வளரும் வயதில், குறிப்பாகக் கொஞ்சம் குண்டான பிள்ளை, முட்டி வலி என்று நொண்டினால், பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் தலை குருத்தில் நழுவும் நோய் அது. நீவவே கூடாது. நடக்க விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

இனி தட்டைப் பாதம். இதில் வீண் பயம்தான் அதிகம். பாதத்தின் உள்வளைவு பத்து வயதுவாக்கில்தான் முழுசாக அமையும். அதற்குப் பிறகும் தட்டையாகவே இருந்தால், பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். வளைவு எழும்பி, குதிகால் உள்பக்கம் திரும்பினால் அது இளகிய பாதம். வலியில்லை என்றால் வைத்தியமே வேண்டாம். ராணுவத்துக்கு ஆளெடுக்கும்போதுகூட நுனிக்காலில் நிற்கவைத்து வளைவு வருகிறதா என்று பார்ப்பார்கள். நுனிக்காலில் நின்றும் வளைவு வரவில்லை, பாதம் விறைப்பாக இருக்கிறது, அடிக்கடி கணுக்கால் பிசகுகிறது என்றால் மட்டும் விடாதீர்கள். பாத எலும்புகள் இரண்டு ஒட்டிப்போயிருக்கலாம். அதுவும் இந்த வயதில்தான் வெளியே தெரியும்.

விலை கூடிய ஷூவும் உள்ளே வைக்கும் மெத்தைத் தட்டும் வலியைக் குறைக்கும். வளைவை உண்டாக்காது. நம் தென்னிந்தியக் குழந்தைகள் 2300 பேரின் கால்தடத்தை எடுத்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், செருப்பு ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். முன்பக்கம் மூடிய ஷூதான் அதிகம் கெடுத்திருக்கிறது. ஸ்கூல் விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றி வீசச் சொல்லுங்கள். சுத்தமான மண்தரை, மொட்டைமாடி, எங்கே கிடைத்தாலும் வெறுங்காலோடு விளையாடட்டும்.

தைலத்தின் வேலை இங்கேதான். தட்டைப் பாதப் பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் சதை இறுகியிருப்பதுண்டு. சாயங்காலம் கால் வலிக்கும். உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாக்கி கெண்டைக்காலிலும் பாதத்திலும் பத்து நிமிடம் தேய்த்து, வெந்நீர் ஊற்றுங்கள். பிறகு சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் நிற்கட்டும். இரண்டு காலுக்கும் மும்மூன்று தடவை. அப்புறம் தரையில் துண்டை விரித்துக் கால்விரல்களாலேயே சுருட்டி இழுக்கச் சொல்லுங்கள். தினமும் செய்தால் வலி குறையும், நடையில் தெம்பு வரும்.

கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பிரண்டைத் துவையல் எல்லாம் வாரத்தில் அடிக்கடி தட்டில் இருக்கட்டும். ராத்திரி முட்டிகளைச் சேர்த்துத் துணியால் கட்டிப் படுக்க வைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. எலும்பு அசையாது, பிள்ளையின் தூக்கம்தான் கெடும். கட்டை அவிழ்த்துவிடுங்கள்.