எங்கள் வீட்டு 555 புத்தகம்

கடந்த மே மாதம் கிள்ளானில் எங்கள் தாமானுக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தை நம்மில் பலருக்குத் தெரியும். அதை மேசையில் வைத்ததும் அத்தையின் முகம் மாறிவிட்டது.

"யார் கடையிலம்மா கடன் சொல்லியிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் மாமியார் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் காலத்தில் 555 என்றால் கடன் புத்தகம். மாதம் முழுவதும் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கடைக்காரர் அதில் எழுதிக்கொண்டுதான் கொடுப்பார். சம்பள நாளில் கணக்குத் தீர்த்தால் கையில் மிஞ்சுவது அடுத்த வாரத்துக்குக்கூடப் போதாது. மறுநாளே புதுப் பக்கம் தொடங்கும். அத்தைக்கு எழுத்து தெரியாது. கடைக்காரர் எழுதியதுதான் கணக்கு.

"கடன் இல்லை அத்தை, செலவு எழுதத்தான்" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அன்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லை.

நான் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. பிடித்தம் போக என் கைக்கு 1,500 வருகிறது. லாரி ஓட்டும் என் கணவர் கொண்டுவருவது சராசரியாக 3,050. ஆக 4,550. மகன் போலிடெக்னிக்கில், மகள் நான்காம் படிவத்தில், வீட்டில் அத்தை. இந்தச் சம்பளத்தில் ஐந்து பேர் கௌரவமாக வாழலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 20ஆம் தேதிக்குப் பிறகு எப்போதும் கை காய்ந்துவிடும். விலைவாசிமேல் பழி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

விலைவாசிமேல் பழி போட நியாயமும் இருக்கிறது. கோழிக்கான உதவித்தொகை 2023 நவம்பரோடு போனது, முட்டைக்கானது 2025 ஆகஸ்டில் போனது. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட் என்பது கட்டுப்பாட்டு விலை. ஆனால் நான் போகும் நேரத்தில் அது அலமாரியில் இருப்பதில்லை. ஒரு கிலோ பொட்டல எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென். அதற்கும் இதே கதைதான்.

அதனால் முதலில் நான் இறங்கிய சிக்கனம் எல்லாம் அடுப்படிச் சிக்கனம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

பாசார் மாலாமுக்குக் கடை கட்டும் நேரத்தில் போனால் கீரையும் கத்தரிக்காயும் குவியல் குவியலாகக் கிடைக்கும். வாரம் 8 ரிங்கிட் மிச்சம். கோழியைத் துண்டாக வாங்காமல் முழுதாக வாங்கி, நெஞ்சுக்கூட்டையும் கழுத்தையும் தனியே எடுத்து ரசம் வைத்துவிடுவேன். பொட்டல தோசை மாவு வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஞாயிறு மாலை அரைத்தால் புதன்வரை வரும். வியாழக்கிழமை புளித்ததில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். கணவரின் பகல் சாப்பாடுதான் பெரிய தொகை. கலப்புச் சோறும் ஒரு தே ஐஸும் 11 ரிங்கிட், மாதம் 22 நாளுக்கு 242. ஐந்து ரிங்கிட் ரஹ்மா சாப்பாடு 2023இல் வந்தபோது நல்ல யோசனை என்று பேசினோம். ஆனால் லாரியை நிறுத்த இடம் இருக்கும் கடையில் அது இருக்க வேண்டுமே! இப்போது வாரம் மூன்று நாள் சோறு கட்டிக் கொடுக்கிறேன். முதல் வாரம் "பழைய தோட்டத்து ஆள் மாதிரி தூக்குச் சட்டியோட போகணுமா" என்றார். இரண்டாம் வாரம் நண்பருக்கும் சேர்த்து ஊறுகாய் வைக்கச் சொன்னார்.

குளிர்சாதனத்தை இரவு பத்து மணிக்குமேல் மட்டும் போடுகிறோம். மின்சாரப் பயன்பாடு மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி என்பது பலருக்குத் தெரிவதில்லை. பில்லின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து மூன்று மாதம் 555இல் எழுதினேன். ஜூலைக் கடைசியில் உட்கார்ந்து கூட்டினேன்.

வீட்டுக் கடன் 980. பழைய மைவிக்குத் தவணை 520. மகனின் மோட்டார் 210. கடன் அட்டை இரண்டுக்கும் சேர்த்து 450. மின்சாரம் 240. தண்ணீர் 18. தொலைபேசி, இணையம் 250. மளிகை, காய்கறி, வெளிச்சாப்பாடு 950. பெட்ரோல், டோல் 380. மகளின் டியூஷன் 160. மகனுக்கு 300. மொத்தம் 4,458. மிச்சம் 92 ரிங்கிட்.

மிச்சத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மகிழ்ந்துவிட்டேன். பிறகுதான் இந்தப் பட்டியலில் இல்லாதவை ஞாபகத்துக்கு வந்தன. கார் டயர், அத்தைக்கு மூட்டு வலித் தைலம், கோயில் உபயம், புதுமனை விழா, காதுகுத்து, கல்யாண மொய், பதினாறாம் நாள் காரியம். இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் "மற்றவை" என்று எழுதியிருந்தேன். மாதம் சராசரி 335. எல்லாம் கடன் அட்டையில் தேய்த்தது, அல்லது அட்டையில் மளிகை வாங்கிவிட்டுக் கையில் இருந்த காசை மொய்க்கு வைத்தது.

அட்டைகளில் நிலுவை 9,000 ரிங்கிட். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாதம் 135 வட்டி. நான் குறைந்தபட்சமாக 450 கட்டுகிறேன். அது நிலுவையில் 5 விழுக்காடு. அதில் 135 வட்டிக்குப் போக, முதலில் கழிவது 315. அதே மாதம் 335 மறுபடி ஏறுகிறது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தும் கடன் ஏன் குறையவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. கடை கட்டும் நேரத்தில் வியர்வை வழிய நின்று கத்தரிக்காயில் நான் பிடித்த மிச்சம் மாதம் 35 ரிங்கிட். நான்கு மாத மிச்சம் ஒரு மாத வட்டிக்குச் சரி.

அத்தையிடம் இதை விளக்கினேன். கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இதுவும் ஐந்து ஐந்து ஐந்துதானே? கடைக்காரன் உன் கண்ணுல படாம எழுதுறான்" என்றார்.

அந்த 9,000 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு நடுவில் மகளுக்குச் சடங்கு வைத்தோம். மண்டபம், மேடை அலங்காரம், 300 பேருக்குச் சாப்பாடு, புகைப்படம், வீடியோ. 13,800 ரிங்கிட். மொய் 5,300 வந்தது. பாக்கி 8,500 அட்டைகளில். போனஸ் வந்ததும் அடைத்துவிடலாம் என்றார் என் கணவர். போனஸ் அந்த ஆண்டு அரை மாதம். இரண்டேகால் ஆண்டில் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 3,500 ரிங்கிட் கட்டியிருக்கிறோம். கடன் மட்டும் 500 கூடியிருக்கிறது.

சடங்கு வைத்தது தவறு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். அத்தைக்கு ஒரே பேத்தி. தோட்டத்தில் தன் மகளுக்குச் செய்ய முடியாததை அவர் கண்ணால் பார்த்தார். ஆனால் 300 பேர் வேண்டாம். வீட்டு முன்னால் பந்தல் போட்டு 80 பேருக்குச் செய்திருக்கலாம். அண்ணன் வீட்டில் மண்டபத்தில் செய்தார்கள், நாமும் மண்டபத்தில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். கணவர் இல்லை.

நானும் அவரும் இதைப் பேசிக்கொண்டிருந்த இரவு மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

"என் சடங்கு கடனாம்மா இது?"

என்ன சொல்வது? இல்லை என்றேன். அவள் படுக்கப் போய்விட்டாள். மறுநாள் காலை பள்ளி உடையோடு வந்து, "டியூஷனை நிறுத்திடலாம்மா, நானே படிச்சுக்குவேன்" என்றாள். அடுத்த ஆண்டு எஸ்பிஎம் எழுத வேண்டிய பிள்ளை. கணக்கில் இப்போதுதான் தேறி வருகிறாள். அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கண் எரிந்தது. வெட்டக் கூடாத செலவு எது என்று முதல்முறையாக உறுதியாகத் தெரிந்ததும் அன்றுதான். அந்த 160 ரிங்கிட்டை 555இல் சிவப்பு மையால் சுற்றி வைத்தேன்.

மாலையில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தகத்தைக் காட்டினேன். மகனையும் அழைத்தோம். நம் வீடுகளில் பிள்ளைகளிடம் சம்பளத்தைச் சொல்வதில்லை. "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு" என்போம். அவர்களோ ஏதோ ஒன்று சரியில்லை என்று தாங்களாகவே கற்பனை செய்து பயப்படுகிறார்கள். எண்ணைப் பார்த்ததும் என் மகன் கேட்டது, "அவ்வளவுதானா? நான் வீட்டையே வித்துடுவீங்கன்னு நினைச்சேன்." தன் கைபேசித் திட்டத்தை அவனே குறைந்த கட்டணத்துக்கு மாற்றிக்கொண்டான்.

ஆகஸ்டில் என் கணவர் ஓர் யோசனை சொன்னார். இபிஎஃப் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கில் அவருக்கு 1,400 ரிங்கிட் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாதே என்று இதுநாள்வரை அவரைத் தடுத்தவள் நான். இந்த முறை கணக்குப் போட்டேன். இபிஎஃப் 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அட்டைக்காரர் நம்மிடம் வாங்குவது 18. எடுத்து அட்டையில் கட்டினோம். பாக்கி 7,600. கணக்கு சரிதான் என்றாலும் மனசு ஒப்பவில்லை. விருந்துக்கும் விடுமுறைக்கும் அந்தக் கணக்கைத் துடைத்து எடுப்பவர்களுக்கு இது உதாரணம் ஆகிவிடக் கூடாது.

செப்டம்பரில் ஏகேபிகேவுக்குப் போனோம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. "உங்கள் கடனைச் சீராக்கித் தருகிறோம்" என்று புலனத்தில் செய்தி அனுப்பிக் கமிஷன் கேட்பவர்களிடம் போகாதீர்கள். சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் கேட்டார்கள். அடுத்து மாதச் செலவுப் பட்டியல் கேட்டார்கள். பையிலிருந்து 555ஐ எடுத்தேன். அங்கிருந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் பாட்டி வீட்டில் பார்த்ததாம். இரண்டு அட்டையும் ரத்து. பழையதைவிடக் குறைந்த வட்டியில் 36 மாதம், மாதம் 248 ரிங்கிட். புதிதாக வேறு கடன் வாங்கக் கூடாது. 450 கட்டிய இடத்தில் 248. மீதி 202ஐ ஒரு பிஸ்கட் டின்னில் போடுகிறேன். டயரும் தைலமும் இனி அந்த டின்னிலிருந்துதான்.

அரசாங்கம் தந்த சாரா உதவி 100 ரிங்கிட், எங்கள் வீட்டில் 18 வயதைத் தாண்டியவர் நால்வருக்கு 400 ஆனது. அரிசி, எண்ணெய், மாவு என்று மைகார்டைக் காட்டி வாங்கினோம். அந்த மாத மளிகையில் பாதி அதிலேயே முடிந்தது. பெட்ரோல் 1 ரிங்கிட் 99 சென்னுக்கு இறங்கியதில் மாதம் 9 ரிங்கிட் மிச்சம். வேண்டாம் என்று சொல்வேனா!

தீபாவளியை ஆளுக்கு ஓர் உடையோடு முடித்தோம். பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் கூட்டுப் பணத்திலிருந்தும் விலகிக்கொண்டேன். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பது இருக்கட்டும், மாதம் 200 கட்ட என்னிடம் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கஷ்டமாக இருந்தது கணவரின் அண்ணன் வீட்டு விஷயம்தான். இந்தக் கார்த்திகையில் அவர்கள் மகனுக்குக் கல்யாணம். எங்கள் மகள் சடங்குக்கு அவர்கள் வைத்த மொய் 500. நோட்டில் இருக்கிறது. திருப்பி வைப்பதென்றால் 500க்குக் குறையக் கூடாது, சொந்த அண்ணன் மகன், ஆயிரமாவது எதிர்பார்ப்பார்கள். டின்னில் இருப்பது 310. பழைய பழக்கம் என்றால் அட்டையைத் தேய்த்திருப்போம். இப்போது தேய்க்க அட்டை இல்லை.

கல்யாணத்தன்று உறையில் குறைவாக வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிட முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார் என் கணவர். இருவரும் போனோம். "அண்ணே, இப்ப எங்களால 200தான் முடியும். மீதியை அடுத்த வருஷத்துக்குள்ள கொடுத்துடுறேன்" என்றார். அவர் அண்ணன், "அதுக்கென்னடா" என்றார். ஆனால் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். தே ஊற்றி வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் தொலைபேசி இல்லை. வரும் வழியில் நானும் கணவரும் சண்டை போட்டுக்கொண்டோம், எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.

போன திங்கட்கிழமை அக்கா அத்தையைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கல்யாண வீட்டு முறுக்குக்கு வெளியே விலை கேட்டார்களாம், கட்டுப்படியாகவில்லையாம். "சின்னவளுக்குப் பக்குவம் தெரியுமே, வருவாளான்னு கேளுங்க" என்றாராம். என்னிடம் நேராகக் கேட்கவில்லை. பரவாயில்லை. வரும் சனிக்கிழமை 12 கிலோ மாவு. அத்தை தன் பழைய மர அச்சைத் தேடி எடுத்துக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார். மகளும் வருகிறாள்.

ஏகேபிகே தவணை இரண்டு கட்டியாகிவிட்டது. இன்னும் 34.