நேபாள நாட்டின் சாண எரிவாயுத் திட்டம்

உலகின் தட்பவெப்ப நிலை மாறி வருவதைக் குறித்து நாடுகள் கூடிப் பேசுங்கால், அனல் மின் நிலையங்களும் மோட்டார் வாகனங்களுமே பெரிதும் பேசப்படுகின்றன. வளர்ந்து வரும் நாடுகள் பலவற்றிலோ எரிபொருள் மிகுதியாகச் செலவாகும் இடம் வீட்டு அடுப்பேயாகும். நமது வடக்கு எல்லையை அடுத்துள்ள நேபாளத்தில் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, நூற்றுக்கு 64 வீடுகளில் விறகைக் கொண்டே சமைத்து வந்தனர். காட்டின் அழிவும், மலைச் சரிவில் சுமை சுமக்கும் பெண்டிரின் உழைப்பும், புகையால் வரும் கண்ணோயும் மார்நோயும் இவ்விறகோடு பிணைந்தவை. ஆகவே அந்நாட்டு அரசாங்கம் எரிசக்தித் திட்டத்தை அடுப்பங்கரையிலிருந்தே தொடங்கியது இயல்பானதே.

சாண எரிவாயு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து, காற்றுப் புகாத கலத்தில் விட்டால், காற்றில்லாமலே வாழவல்ல நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீதேன் என்னும் எரியக்கூடிய வாயுவை வெளியிடுகின்றன. ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். 6 கன மீட்டர்க் கலத்திற்கு மலைப்பகுதியில் நாளொன்றுக்கு 36 கிலோ சாணம் வேண்டும். தொழுவத்தில் மூன்று நான்கு மாடுகளேனும் இருந்தாலன்றி இது கூடாது. அவ்வளவு சாணம் இட்டால் ஓர் அடுப்பு மூன்று மணி நேரத்திற்குக் குறையாமல் எரியும். வெளிவரும் கழிவுக் குழம்பு வயலுக்கு எருவாகிறது. சாணத்தை வரட்டியாக எரித்தால் எருவை இழக்கிறோம். இம்முறையில் நெருப்பும் எருவும் இரண்டும் கிட்டுகின்றன.

நேபாளத்தின் முதற்கலம் 1955ஆம் ஆண்டில் கோதாவரி என்னுமிடத்தில் அமைந்தது. இது ஆந்திர நாட்டு ஆறு அன்று. காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் தெற்கில் உள்ள ஊர். அங்குள்ள செயின்ட் சேவியர் பள்ளியில் சாபொல் என்னும் பாதிரியார் பழைய எண்ணெய்ப் பீப்பாய்களைக் கொண்டு இதனைச் செய்து பார்த்தார். பின்னர் 1974-75ஆம் ஆண்டை வேளாண்மை ஆண்டாகக் கொண்டாடியபோது, அரசாங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்துச் சுமார் 200 கலங்களைக் கட்டுவித்தது. 1977இல் கோபர் காஸ் கம்பெனி என்றே ஒரு நிறுவனம் தோன்றியது. எனினும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கட்டப்பட்டவை சில ஆயிரங்களே. இந்திய முறையில் மேலே இரும்பு மூடி மிதக்கும் கலம் விலை கூடியது, துருப்பிடிப்பது, மலைப்பாதையில் அதைத் தூக்கிச் செல்வதும் எளிதன்று. பின்னர் அதனை விடுத்து, கல்லும் சிமெண்டும் கொண்டு மண்ணுக்கடியில் குவிமாடமாகக் கட்டும் முறையை அவர்கள் தெரிந்துகொண்டனர்.

திருப்பம் 1992இல் ஏற்பட்டது. நெதர்லாந்து அரசின் உதவியோடு சாண எரிவாயு ஆதரவுத் திட்டம் அவ்வாண்டில் தொடங்கியது. அத்திட்டத்தின் நுட்பம் கலத்தின் அமைப்பில் இல்லை, பணம் கொடுத்த முறையிலேயே இருந்தது என்பது நமது கருத்து. மானியத்தை விலையில் இத்தனை விழுக்காடு என்று கொடுத்திருந்தால், விலையை உயர்த்திக் காட்டுவோரே பயனடைந்திருப்பர். ஆகவே சமவெளியாகிய தராய்ப் பகுதிக்கு 7,000 நேபாள ரூபாய், மலைப்பகுதிக்கு 10,000 ரூபாய் என்று முதலில் ஒரே தொகையாக வரையறுத்தனர். பெரிய கலம் கட்டினாலும் சிறிய கலம் கட்டினாலும் தொகை அதுவே என்றதனால், சிறு குடியானவனுக்கு அது கூடுதலான துணையாயிற்று. எஞ்சியதைக் குடும்பத்தார் தம் உழைப்பாலும் வங்கிக் கடனாலும் ஈடு செய்தனர். சொந்தப் பணம் போட்டவன் கலத்தைப் பாழாக விடமாட்டான் அல்லவா?

கட்டும் பணி தனியார் கம்பெனிகளிடம் விடப்பட்டது. ஆனால் மேற்பார்வை கண்டிப்பாயிருந்தது. குறித்த அளவும் பொருளும் தவறினால் தண்டம். கட்டிய பின்பும் உத்தரவாதக் காலம் முடியுமட்டும் கம்பெனியே வந்து பழுது பார்த்தல் வேண்டும். கட்டியவற்றுள் சிலவற்றைத் திடீரெனச் சென்று சோதிக்கவும் ஆட்கள் இருந்தனர். 1996இல் நிறுவப்பட்ட மாற்று எரிசக்தி மேம்பாட்டு மையம் பின்னாளில் மானியக் கொள்கையைத் தன் பொறுப்பில் ஏற்றது. வீட்டுக் கழிப்பிடத்தைக் கலத்தோடு இணைக்கும் வழக்கமும் பரவிற்று. அவ்வாயுவில் சமைப்பதா என்று முதலில் தயங்கியவர் பலர். அண்டை வீட்டார் சமைத்து உண்பதைக் கண்டபின் அத்தயக்கம் மெல்லக் குறைந்தது.

அடுத்து வந்தது தட்பவெப்பக் கணக்கு. விறகு குறைந்ததனால் வானில் கலவாது நின்ற கரியமிலவாயுவை அளந்து, அந்த அளவை வெளிநாட்டாருக்கு விற்கும் ஏற்பாடு கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் இருந்தது. 2005ஆம் ஆண்டு டிசம்பரில் நேபாளத்தின் சாண எரிவாயுத் திட்டங்கள் இரண்டு அதில் பதிவாயின. உலக வங்கியின் நிதியம் ஒன்று விலை கொடுத்து வாங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2 டன் விறகு மிச்சமாகும் என்பது திட்டத்தாரின் கணக்கு. மலையூர்த் தொழுவத்துச் சாணம் உலகச் சந்தையில் விலைபோன இச்செய்தி அந்நாளில் பல நாடுகளிலும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளிடம் நேபாளம் அளித்த தட்பவெப்ப உறுதிமொழியிலும், 2025க்குள் மேலும் 2 லட்சம் வீட்டுக் கலங்கள் என்னும் இலக்கு இடம் பெற்றது.

இனி, மற்றொரு கணக்கைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டில் கட்டப்பட்ட கலங்கள் 3 லட்சத்திற்கும் மேற்பட்டவை. அவ்வாண்டுக் குடிக்கணக்கிலோ, சாண எரிவாயுவே தங்கள் வழக்கமான சமையல் எரிபொருள் என்று கூறிய வீடுகள் நூற்றுக்கு 1.2 தான். மொத்த வீடுகள் 66 லட்சம் என்று கொண்டால் இவை ஏறத்தாழ 80 ஆயிரம். 2011இல் இந்த விகிதம் 2.4 ஆக இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரே எரிபொருளைத்தான் குடிக்கணக்கு குறித்துக் கொள்கிறது. ஆகவே வாயுவையும் விறகையும் கலந்து பயன்படுத்தும் வீடு விறகின் கீழ்ச் சேர்ந்திருக்கலாம். அதனைக் கழித்துப் பார்த்தாலும், பத்தாண்டில் பாதியாய்க் குறைந்தது சிறிய செய்தி அன்று.

கட்டடம் கெட்டதனால் மட்டும் இது நேர்ந்ததெனக் கூற இயலாது. வீடு மாறிவிட்டது. இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேயாவுக்கும் வேலைக்குச் சென்றனர். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆள் இல்லாத வீட்டில் மாடு குறைந்தது. மாடு குறைந்த வீட்டில் கலம் பசித்துக் கிடந்தது. அனுப்பிய பணத்தில் சிலிண்டர் வாங்குவது எளிதாயிற்று. 2011இல் நூற்றுக்கு 21 வீடுகளில் இருந்த சிலிண்டர் அடுப்பு 2021இல் 44 வீடுகளில் எரிந்தது. அச்சிலிண்டர் முழுவதும் இந்தியாவிலிருந்து வருவது. 2015 செப்டம்பரில் எல்லையில் போக்குவரத்துத் தடைப்பட்டபோது, பல மாதங்கள் பாதி நிரப்பிய சிலிண்டர்களையே பங்கிட்டுக் கொடுக்க நேர்ந்தது. வேலை செய்யும் கலம் வைத்திருந்த வீடுகள் அந்நாட்களில் கவலையின்றிச் சமைத்தன.

தட்பவெப்பத் திட்டத்திற்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீதேன் எரிந்துவிட்டால் கேடு சிறிது. எரியாமல் வானில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். வயலில் உலரும் சாணத்திலிருந்து மீதேன் சிறிதளவே எழும். கலத்தில் ஊறும் சாணத்திலிருந்தோ மிகுதியாக எழும். சாணமும் இட்டு, குழாயோ அடுப்போ பழுதாகி வாயுவை எரிக்காமல் விட்டால், அக்கலம் இல்லாதிருப்பதே மேல். ஆனால் அறிக்கையில் அதுவும் ஒரு கலம் என்றே எண்ணப்படும்.

இப்போது அரசாங்கத்தின் நோக்கு மின்சார அடுப்பின் பக்கம் திரும்பியுள்ளது. 2030க்குள் நூற்றுக்கு 25 வீடுகள் மின்சாரத்தையே முதன்மையாகக் கொண்டு சமைக்க வேண்டும் என்பது அதே 2020 உறுதிமொழியின் இலக்கு. 2021இல் 456 மெகாவாட் திறனுள்ள மேல் தாமகோசி நிலையம் இயங்கத் தொடங்கியபின், மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சி இந்தியாவுக்கு விற்கப்படுகிறது. நோக்கம் நல்லதே. ஆனால் பனிக்காலத்தில் ஆறுகள் வற்ற, மின்சாரம் இந்தியாவிலிருந்து வாங்கப்படுகிறது. அதே மாதங்களில் குளிரினால் நுண்ணுயிர்கள் சோர்ந்து, மலைக் கலங்களில் வாயுவும் குறைகிறது. இரண்டும் ஒருசேரக் குறையும் அம்மூன்று நான்கு மாதங்களுக்கு விறகு வெட்டும் கத்தி மீண்டும் வெளிவருகிறது. ஆண்டுச் சராசரியை வைத்துத் தீட்டும் திட்டங்களில் இம்மாதங்கள் தெரிவதேயில்லை.

புதுக் கலத்துக்கு மானியம் கொடுப்பது எளிது. திறப்பு விழாவும் நடத்தலாம். பழைய கலத்துக்கு ரப்பர்க் குழாய் மாற்றவும், வாயுத் திறப்பானைச் செப்பனிடவும், குவிமாடத்தின் வெடிப்பைப் பூசவும் ஆகும் செலவு சிறிதாயினும், அதற்கெனப் பணம் ஒதுக்குவதும் ஆள் வைப்பதும் கடினமாயுள்ளன. மாடுள்ள வீட்டில் பழுதான கலத்தைச் செப்பனிடுதல், மாடில்லாத வீட்டுக்கு மின்சார அடுப்பு, மாடு குறைந்த வீட்டில் சமையற் கழிவையும் கலத்தில் இட்டு வாயுவைக் கூட்டுதல் என்று வீட்டுக்கு வீடு பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை இது. அதற்குக் கலம் எத்தனை என்ற பதிவேடு போதாது. சென்ற வாரம் எத்தனை நாள் எரிந்தது என்று வாசலில் நின்று கேட்டு எழுதும் ஊழியர் ஊராட்சிதோறும் வேண்டும்.