கிளோலியா யாரைக் கேட்டாள்?

வீரம்னா வாள்தான்னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். நான் ரோமாபுரிக் கதை ஒண்ணு சொல்றேன்.

கி.மு. 508 வாக்கில், எட்ருஸ்கிய அரசன் போர்சென்னாவோடு சமாதானம். பிணையாகப் பிள்ளைகளைக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி கிளோலியா. ஈட்டிகள் பாயப் பாய, தோழிகளோடு டைபர் ஆற்றை நீந்தித் தப்பிச்சுட்டா!

அரசன் திருப்பிக் கேட்டான். ஒப்பந்தம் ஆச்சே? ரோம் அனுப்பியது. அவள் துணிவை வியந்தவன் அவளை விடுவித்து, பிணையாளிகளில் சிலரையும் தேர்ந்தெடுத்து அழைத்துப்போகச் சொன்னான்.

யாரைக் கேட்டா? ஆபத்து அதிகமுள்ள சின்னஞ்சிறு பையன்களைங்க!

புனித வீதியில் அவளுக்குக் குதிரைச் சிலை வச்சாங்கன்னு லிவி எழுதுறார். நான் கேட்கிறேன்: அவ கையில் வாள் இருந்ததா? நீந்தியது துணிச்சல், அந்தப் பிள்ளைகளைக் கேட்டாளே, அதுதான் வீரம்!